உங்கள் மீனை எண்ண விடுங்கள்

வாசகர் கேள்வி:

நாகப்பட்டினம் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில், எடிசனில் குடியிருக்கிறேன். கோடை வந்தால் சனிக்கிழமைகளில் தூண்டிலை எடுத்துக்கொண்டு சாண்டி ஹூக் கரைக்குப் போவேன். இல்லாவிட்டால் அட்லாண்டிக் ஹைலண்ட்ஸில் பார்ட்டி போட் (தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் படகு) ஏறிவிடுவேன். விற்க அல்ல, வீட்டுக் குழம்புக்குத்தான். போன கோடையில் ஃப்ளூக் என்ற தட்டை மீன் ஒன்று மாற்றி ஒன்று கடித்தது. எல்லாம் பதினேழு, பதினேழரை அங்குலம். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவான 18 இல்லையென்று அத்தனையையும் திருப்பி விட்டேன். பிளாக் சீ பாஸ் மீனோ இரையைக் கீழே இறங்கவே விடவில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாமாம். ராரிட்டன் வளைகுடாவில் எங்களுக்கு ஓர் அளவு, எதிரே கண்ணுக்குத் தெரியும், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவுக்காரருக்கு இன்னோர் அளவு. ஊரில் 61 நாள் தடைக்காலம் என்றால் எல்லா விசைப்படகுக்கும் ஒன்றுதான். இங்கே மீன் மொய்க்கும்போதே நம் பங்கை வெட்டுகிறார்கள், இழுவைப்படகுகள் மட்டும் மூட்டை மூட்டையாக இறக்குகின்றன. எத்தனை மீன் பிடித்தீர்கள் என்று கிளிப்போர்டோடு வந்து கேட்கும் கணக்கெடுப்பாளர்களிடம் இனி வாய் திறப்பதில்லை என்று எங்கள் நண்பர் குழு முடிவெடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்த கணக்கெடுப்புப் படிவத்தையும் கிழித்துப் போட்டேன். நாம் சொல்வதை வைத்துத்தானே அடுத்த ஆண்டு குறைக்கிறார்கள்? நான் செய்தது சரிதானே?

– எடிசன் வாசகர்

பதில்:

அன்புள்ள எடிசன் வாசகருக்கு,

உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. படிவத்தைக் கிழித்ததில் மட்டும் நியாயம் இல்லை. அது உங்கள் பங்கை நீங்களே குறைத்துக்கொள்ளும் வேலை. மீன் இருப்புக் கணிப்பு, அதாவது கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று மதிப்பிடுவது, என் தொழில். அதற்கு முன் படகுத்துறையில் கிளிப்போர்டோடு நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும்.

முதலில், நீங்கள் ஒரே மூச்சில் சொல்லும் அந்த இரண்டு மீன்களின் நிலை ஒன்றல்ல. ஃப்ளூக் என்று நாம் சொல்லும் சம்மர் ஃப்ளவுண்டர், ஊரில் நீங்கள் பார்த்த எருமைநாக்கைப் போன்ற தட்டை மீன். அதன் இருப்பை 2023-இல் மறுபடி கணித்தபோது, முட்டையிடும் வயதுள்ள மீன்களின் எடை இலக்கில் 83 சதவீதம்தான் இருந்தது. பிடிக்கும் வேகமும் பாதுகாப்பான எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது. அழிவின் விளிம்பு என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் செழிப்பு என்றும் சொல்ல முடியாது. அந்தக் கணிப்பின் விளைவாகத்தான் 2024-க்கு, தூண்டிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஃப்ளூக்கைக் கடற்கரை முழுவதும் 28 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். உங்களுக்கு ஒன்று மாற்றி ஒன்று பதினேழாகவே வந்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 18-ஐத் தொட்டதை யாராவது பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். தொடாதது திரும்ப நீருக்குப் போய் இன்னொருவர் தூண்டிலில் கடிக்கிறது. சட்ட அளவுக்குச் சற்றுக் கீழே மீன் குவிந்து நிற்பதை வைத்து, மொத்தக் கடலும் நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

பிளாக் சீ பாஸ் விஷயத்தில் நீங்கள் கண்ணால் கண்டதும் அறிவியல் சொல்வதும் ஒன்றே. அதன் இருப்பு இலக்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் 2022-இல் தூண்டிலாளர்களின் பிடிப்பை 20 சதவீதத்துக்கு மேல் குறைக்கச் சொன்னார்கள். 2023-இல் இன்னும் 10 சதவீதம். மீன் பெருகப் பெருக நம் கைக்கு வருவது குறைகிறது என்று நீங்கள் கொதிப்பது இதில் முழுக்கச் சரி. காரணம் சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் மேக்னசன்–ஸ்டீவன்ஸ் சட்டத்தில் 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒவ்வொரு மீனுக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பைக் கட்டாயமாக்கியது. வரம்பு பவுண்டு எடையில் நிற்கிறது. கடலில் மீன் கூடினால் எல்லார் தூண்டிலிலும் கூடுதலாகக் கடிக்கும், வரம்பு சீக்கிரம் நிறையும், தாண்டும். தாண்டினால் அடுத்த பருவத்தில் வெட்டு. இந்த முரண்பாடு, விதிகளை வகுக்கும் மீன்வள மேலாண்மைக் குழுக்களுக்கும் உறைத்ததால்தான், இருப்பு எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பதையும் பார்த்து வெட்டின் அளவைத் தீர்மானிக்கும் முறையை 2023-இலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டின் வெட்டு 10 சதவீதத்தோடு நின்றது அந்த முறையால்தான். பழைய முறை என்றால் இன்னும் கூடியிருக்கும்.

ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஒரே ஒரு மீன் என்பது வாஷிங்டன் போட்ட கணக்கு அல்ல. நியூ ஜெர்சி தனக்குக் கிடைத்ததை மாதவாரியாகப் பிரித்துக்கொண்டதில் வந்தது. மே, ஜூனில் 10, அக்டோபரில் 10, ஆண்டின் கடைசி இரண்டு மாதத்தில் 15 என்று ஆழத்துக்குப் போகும் படகுகளுக்கு நிறைய வைத்துவிட்டு, குடும்பத்தோடு வருகிறவர்களின் கோடையில் ஒன்றை விட்டார்கள். இதை மாற்றச் சொல்லும் இடம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி ராரிட்டன் வளைகுடா. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். ஒரே தண்ணீர், ஒரே மீன், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. இந்தக் கோடு போட்டது உயிரியல் அல்ல. 2000-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஃப்ளூக் பங்கு பிரித்தபோது, 1998-இல் எந்த மாநிலத் தூண்டிலாளர்கள் எவ்வளவு பிடித்தார்கள் என்ற ஒரே ஆண்டின் மதிப்பீட்டை அடிப்படையாக எடுத்தார்கள். அதில் நியூ ஜெர்சிக்கு 39 சதவீதம் வந்தது. நியூயார்க்குக்குச் சுமார் 17.6. பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி, அந்த ஓர் ஆண்டுக் கணக்கு பத்தாண்டுக்கு மேல் எல்லாருடைய கூடையையும் ஆண்டது. பங்கு சிறியதாக இருந்ததால் நியூயார்க் தன் குறைந்தபட்ச அளவை ஏற்றிக்கொண்டே போய், 2009-இல் 21 அங்குலம் வரை கொண்டுபோனது. லாங் ஐலண்டில் கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு 21 அங்குல ஃப்ளூக் என்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் ஸ்டேட்டன் தீவைப் பார்த்துப் பொருமுகிறீர்கள். அங்கே நிற்பவர் பல ஆண்டுகளாக உங்களைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருக்கிறார். அவருடைய பொருமலுக்கு உங்களுடையதைவிட வலுவான காரணம் இருந்தது என்பது என் கருத்து.

அதைத் தீர்க்கத்தான் 2014-இல் கனெக்டிகட், நியூயார்க், நியூ ஜெர்சி மூன்றையும் ஒரே வட்டாரமாக்கி, 18 அங்குலம், 5 மீன், 128 நாள் என்று ஒரே விதி போட்டார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 2017-இல் இருப்பு குறைந்தது தெரிந்து, அளவை ஓர் அங்குலம் ஏற்றி 19, மீன் 3 என்று அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் சொன்னபோது நியூ ஜெர்சி மறுத்தது. 18 அங்குலத்தையே வைத்துக்கொள்கிறோம், பருவத்தை 104 நாளாகக் குறைத்துக்கொள்கிறோம், அதுவே போதும் என்றது. ஆணையம் விதிமீறல் என்று தீர்மானம் போட்டது. அப்போதைய அமெரிக்க வணிக அமைச்சர் வில்பர் ராஸ், ஜூலை 2017-இல் ஆணையத்தின் தீர்மானத்தை ஒதுக்கிவிட்டு நியூ ஜெர்சி பக்கம் நின்றார். ஆணையத்தின் விதிகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்ற சட்டம் 1993-இல் வந்ததிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. 2016-இலேயே தனி வட்டாரமாகியிருந்த நியூ ஜெர்சியின் விதி அதோடு வேறாகப் பிரிந்தது. நியூயார்க்கும் கனெக்டிகட்டும் சேர்ந்து இன்னொரு வட்டாரம். நீங்கள் இன்று வளைகுடாவில் பார்க்கும் இரண்டு அளவுகளும் அந்தப் பிரிவின் மிச்சம். நியூ ஜெர்சி 18 அங்குலத்தோடு நிற்பதற்கும் அக்கரை 19-க்கு மேல் போனதற்கும் பின்னால் இருப்பது இந்த வரலாறு. இதில் மேல்கை உங்கள் மாநிலத்துக்கு இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு நடைமுறை விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வளைகுடாவில் நீங்கள் மிதக்கும் நீர் எந்த மாநிலத்துடையதோ அதன் விதியும், கரையேறும் மாநிலத்தின் விதியும் இரண்டுமே உங்களைக் கட்டும். கடுமையானதைப் பின்பற்றிவிட்டால் வம்பு இல்லை.

இழுவைப்படகுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கோடையில் கரையோரம் வரும் ஃப்ளூக், குளிர்காலத்தில் கண்டத்திட்டின் விளிம்புக்குப் போய்விடுகிறது. இழுவைப்படகுகள் பெரும்பாலும் அங்கேதான் அதை வாரி எடுக்கின்றன. நீங்கள் ஆகஸ்டில் திருப்பி விட்ட மீனைத்தான் ஜனவரியில் அவர்கள் பிடிக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல. வணிகப் படகுகளுக்கு 60, தூண்டிலாளர்களுக்கு 40 என்று பிரித்தது 1980 முதல் 1989 வரை இறக்கிய மீன் கணக்கை வைத்து. அந்தப் பத்தாண்டில் தூண்டிலாளர் எவ்வளவு பிடித்தார் என்பது தொலைபேசியில் கேட்டு மதிப்பிட்ட எண். பிற்காலத்தில் அஞ்சல் வழிக் கணக்கெடுப்புக்கு மாறி, 2018-இல் பழைய ஆண்டுகளையும் திருத்தியபோது, தூண்டிலாளர் பிடித்தது முன்பு நினைத்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. இவ்வளவு பிடித்தும் இருப்பு தாங்கியிருக்கிறது என்றால் கடலில் மீனும் நினைத்ததைவிட அதிகம்தான் என்று கணிப்பு உயர்ந்தது. அதன் பலன் யாருக்குப் போனது? 2019-இல் வணிகப் படகுகளின் ஒதுக்கீடு கிட்டத்தட்டப் பாதி அளவு கூடியது. தூண்டிலாளர்களுக்கோ, 'நீங்கள் ஏற்கெனவே அவ்வளவு பிடித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்' என்று விதி அப்படியே நின்றது. அன்று தூண்டிலாளர்கள் கொதித்ததை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டு வாதாடிய பிறகு, 2023-இல் அந்தப் பங்கு 55-க்கு 45 ஆனது.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. 40 என்பது 45 ஆனது எதனால்? தூண்டிலாளர் பிடிக்கும் மீன் அதிகம் என்று கணக்கில் ஏறியதால். ஏறாத மீனுக்குப் பங்கு கிடையாது.

கணக்கு எடுக்கப்படும் விதத்தைச் சொல்கிறேன். கரையில் கிளிப்போர்டோடு நிற்பவர், ஒரு தடவை போனால் சராசரியாக எத்தனை மீன், என்ன நீளம், எத்தனை திருப்பி விட்டீர்கள் என்று பார்க்கிறார். வீட்டுக்கு வரும் படிவம், குறிப்பிட்ட காலத்தில் எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்கிறது. இரண்டையும் பெருக்கினால் மொத்தம். இப்போது உங்கள் நண்பர் குழு வாயை மூடிக்கொள்கிறது என்று வையுங்கள். வெறுங்கையோடு, எரிச்சலோடு திரும்புகிறவர்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பெட்டி நிறைந்தவர் நின்று, மூடியைத் திறந்து, பெருமையோடு காட்டிவிட்டுப் போவார். சராசரி மேலே போகும். நீங்கள் தண்டிக்க நினைத்த அந்த எண், நீங்கள் ஒதுங்கியதாலேயே வீங்கும். பதினேழு அங்குல மீன்களைத் திருப்பி விட்டேன் என்று நீங்கள் எனக்கு எழுதியதை அந்தக் கணக்கெடுப்பாளரிடம் சொல்லியிருந்தால், அது விவாதத்தில் பயன்படும் ஆதாரமாகியிருக்கும்.

குறைத்துச் சொன்னால் என்ன என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். ஓர் ஆண்டு வெட்டிலிருந்து தப்பலாம். ஆனால் இருப்புக் கணிப்பில் பிடித்த மீனின் எண்ணிக்கையும் ஓர் உள்ளீடு. பிடித்தது குறைவு என்றால் கடலில் இருப்பதும் குறைவு என்று கணிப்பு இறங்கலாம். வரம்பும் கூடவே இறங்கும். அடுத்த முறை வணிகப் படகுகளோடு பங்கு பேச உட்காரும்போது, உங்கள் தரப்பு வரலாறு சிறுத்துப்போய்க் கிடக்கும். வணிகப் படகுகள் ஒவ்வொரு பவுண்டையும் எழுதிவைக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கெடுப்பு பழுதில்லாதது என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு மாநிலத்தை, இரண்டு மாதத்தை, ஒரு வகைப் படகை மட்டும் தனியாகப் பார்த்தால் நேர்காணல்கள் சொற்பமாகி எண் தாறுமாறாகத் துள்ளும். 2016 நவம்பர்–டிசம்பரில் நியூயார்க்குக்கும், 2017 மே–ஜூனில் நியூ ஜெர்சிக்கும் வந்த பிளாக் சீ பாஸ் எண்கள் நம்ப முடியாதபடி உயரமாக இருந்ததால், அவற்றைச் சீர்செய்துதான் பயன்படுத்த வேண்டியிருந்தது. 2023-இல் அமெரிக்க மத்திய அரசின் மீன்வளச் சேவையே ஒரு முன்னோட்ட ஆய்வை வெளியிட்டது: அஞ்சல் படிவத்தில் கேள்விகளின் வரிசையை மாற்றிக் கேட்டபோது, மீன்பிடிக்கப் போன தடவைகளின் மதிப்பீடு பொதுவாக 30 முதல் 40 சதவீதம் குறைந்தது. அதாவது, நீங்கள் கிழித்துப்போட்ட அந்தப் படிவம் நம்மை மிகைப்படுத்திக் காட்டியிருக்கக்கூடும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இதை அறிந்தும் நிரப்பச் சொல்கிறேன். குறைவாகப் போனவர்களும், போகாத வீட்டாரும் நிரப்பி அனுப்பினால்தான் மிகை குறையும். மீன்பிடிக்கப் போகாத காலத்துக்குப் படிவம் வந்தாலும் 'போகவில்லை' என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு அதிகம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எதற்காகச் சண்டை போடுவேன் என்பதையும் சொல்கிறேன். குறைந்தபட்ச நீளத்தைப் பற்றித்தான். ஃப்ளூக்கில் பெண் மீன்தான் பெரிதாக வளரும். 18 அங்குலத்துக்கு மேல் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி பெண். முட்டையிடும் மீனைக் கூடையில் போடு, சின்ன ஆண் மீனை விட்டுவிடு என்கிறது விதி. திருப்பி விடும் மீனில் பத்தில் ஒன்று செத்துவிடுவதாகக் கணக்கில் கொள்கிறார்கள். நீளம் ஏற ஏற, திருப்பி விடுவதும் யாருக்கும் உணவாகாமல் சாவதும் ஏறுகின்றன. நியூ ஜெர்சி 2022, 2023 இரண்டு ஆண்டும் 17 முதல் 18 அங்குலத்துக்குள் இரண்டு, 18-க்கு மேல் ஒன்று என்று ஒரு நல்ல முயற்சி செய்தது. 2024-இன் வெட்டில் அது போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்க வேண்டும்; அதற்காகப் பருவத்தில் சில நாள்களை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, கரையில் நிற்பவர்களின் நிலை. படகு வைத்திருப்பவர் ஆழத்துக்குப் போய்ப் பெரிய மீனைத் தேடலாம். கற்கரையிலும் பாலத்தடியிலும் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் சின்ன மீன்தான் வரும். அங்கே நிற்பவர்களில் நம்மைப் போல் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள், குழம்புக்காகவே வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்திருப்பீர்கள். ஐலண்ட் பீச் மாநிலப் பூங்காவில் கரையிலிருந்து பிடித்தால் 16 அங்குலத்தில் இரண்டு ஃப்ளூக் வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருக்கிறது. அடுத்த கோடையில் குடும்பத்தோடு அங்கே போங்கள். போகுமுன் அந்த ஆண்டின் விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். கனெக்டிகட் இதேபோலக் கரையோர இடங்கள் பலவற்றைக் குறித்து அளவைத் தளர்த்தியிருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரே ஒரு பூங்கா போதாது. சாண்டி ஹூக்கும் கீபோர்ட்டும் பெர்த் அம்பாயும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

கேட்கும் இடமும் காலமும் முக்கியம். கடற்கரை முழுவதற்குமான அளவை மிட்-அட்லாண்டிக் மேலாண்மைக் குழுவும் ஆணையமும் சேர்ந்து பெரும்பாலும் டிசம்பரில் முடிவுசெய்கின்றன. பிறகு, கிடைத்ததை எந்த மாதத்துக்கு எத்தனை, எந்த நீளம் என்று பிரிப்பது குளிர்காலக் கடைசியில் மாநிலத்தின் கடல் மீன்வளக் கவுன்சில் கூட்டத்தில். பொதுமக்கள் யாரும் போய்ப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். ஜூலையில் படகில் நின்று திட்டுவது எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது; மார்ச்சில் மூன்று நிமிடம் பேசினால் ஏறும். 'கடல் நிறைய மீன்' என்று மட்டும் சொல்ல வேண்டாம், அதை எல்லாரும் சொல்வார்கள். கரையிலிருந்தா படகிலிருந்தா, எந்த ஊரில், எத்தனை திருப்பி விட்டீர்கள், என்ன நீளம், ஜூலையில் இரண்டு சீ பாஸ் கிடைக்க அக்டோபரில் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். மாநிலம் நடத்தும் தன்னார்வத் தூண்டிலாளர் கணக்கெடுப்பில் அதையே பதிவும் செய்யலாம். உங்கள் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து போனால், அந்த அறையில் அதிகம் கேட்காத ஒரு குரல் அது.

அதுவரை, பதினேழரை அங்குல மீனை நீங்கள் திருப்பி விட்டது சரியே, விட்டுக்கொண்டே இருங்கள். கையை நனைத்துப் பிடியுங்கள், தூண்டில் முள் ஆழமாகப் போயிருந்தால் இழுக்காமல் தூண்டில் கயிற்றை அறுத்துவிடுங்கள்.

நியூ ஜெர்சியின் கடல் தூண்டில் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்ட்டி போட்டில் போகும் நாளுக்கு அது தேவையில்லை, சாண்டி ஹூக் கரையில் நின்று பிடிக்க அது தேவை. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உண்டு, கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த படிவம் வந்தால், அன்றைக்கே நிரப்பி அஞ்சலில் போட்டுவிடுங்கள்.